மழைக்காலத்துக்கு முன் செய்துவைக்க வேண்டிய கைம்மருந்துகள்: குடிநீர், சூரணம், மணப்பாகு, தைலம் செய்யும் முறை

ஐப்பசி அடைமழை தொடங்கிய பிறகு ஆடாதோடை இலையைப் பறித்து உலர்த்த முற்படுவோருக்குப் பூஞ்சை பூத்த இலைதான் மிஞ்சும். சளியும் இருமலும் உடல்வலியும் வீடுதோறும் வந்து சேர்வது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் என்றாலும், அவற்றுக்கான மருந்துகளைச் செய்துவைக்க ஏற்ற காலம் அதற்கு முந்தைய ஆடி, ஆவணி மாதங்களே. வறண்ட காற்று விடாமல் வீசும் அந்த நாட்களில் இலை நிறம் மாறாமல் விரைவாக உலர்ந்துவிடும். குற்றாலம், நீலகிரி, கன்னியாகுமரிப் பக்கங்களில் ஆனியிலேயே சாரல் பிடித்துவிடுவதால், அங்கிருப்பவர்கள் மாசி, பங்குனியில் இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

சித்த மருத்துவம் உள்மருந்துகளை 32 வகையாகவும் வெளிமருந்துகளை 32 வகையாகவும் பிரித்து, உள்மருந்துகள் ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் வீரியத்தோடு இருக்கும் என்பதையும் வரையறுத்திருக்கிறது. சாறு, குடிநீர் (கஷாயம்), கற்கம் (அரைத்த விழுது) ஆகியவற்றுக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம், சூரணத்துக்கு (சலித்த பொடி) 3 மாதம், மணப்பாகு (மருந்துச் சர்க்கரைப் பாகு), நெய், இளகம் (லேகியம்) ஆகியவற்றுக்கு 6 மாதம், தைலம் எனப்படும் மருந்து எண்ணெய்க்கு ஓராண்டு. இந்த வரிசை மருந்தில் நீர் என்ன நிலையில் இருக்கிறது என்பதையொட்டியே அமைந்திருக்கிறது. குடிநீரில் நீர் அப்படியே நிற்பதால் அது அன்றே கெடுகிறது. சூரணத்தில் நீரை உலர்த்தி அகற்றுகிறோம். ஆனால் நுண்ணிய பொடி காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மணப்பாகில் நீர் இருந்தாலும் சர்க்கரை அதைக் கட்டிப்போடுவதால் கிருமிகளுக்குப் பயன்படுவதில்லை. தைலத்தில் நீரை நெருப்பால் முழுவதுமாக விரட்டிவிடுகிறோம். கைம்மருந்து கெட்டுப்போவதற்கான காரணத்தைத் தேடினால், பெரும்பாலும் எங்கோ ஒரு படியில் தங்கிவிட்ட ஈரத்தில்தான் அது போய் முடியும். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நீரின் மீதே கண்ணாக இருங்கள்.

மூலிகையை இனங்காணுதலும் வாங்குதலும்

இந்த வழிகாட்டிக்கு இரண்டு பச்சிலைகளும் மூன்று கடைச்சரக்குகளும் போதும். ஆடாதோடை ஆளுயரம் வளரும் புதர்ச்செடி. ஈட்டி வடிவில் நீண்ட, கரும்பச்சை நிற இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். வெண்ணிறப் பூவின் உள்ளே ஊதா நிறக் கோடுகள் தெரியும். இலையைக் கசக்கினால் ஒருவிதக் காரநெடி வரும், நாவில் வைத்தால் நன்றாகக் கசக்கும். நொச்சி வேலியோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் வளர்வது. ஒரு காம்பில் விரல் விரித்தாற்போல மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் இருக்கும், அடிப்பக்கம் சாம்பல் வெண்மையாகவும் பூ சிறியதாய் நீலஊதாவாகவும் இருக்கும். இந்த அடையாளங்கள் எல்லாம் ஒருசேரப் பொருந்தினால் மட்டும் பறியுங்கள். பூக்காத செடியில் ஐயம் இருந்தால், செடியை அறிந்த ஒருவரிடம் காட்டாமல் பயன்படுத்த வேண்டாம். நம் ஊர் வேலியில் நொச்சி நிற்கும் அதே வரிசையில்தான் அரளியும் ஊமத்தையும் செங்காந்தளும் நிற்கின்றன. மூன்றுமே உயிருக்கு ஆபத்தான நஞ்சுடையவை.

கடைச்சரக்குகள் சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்று. இவை நாட்டு மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். சுக்கை ஒடித்துப் பார்த்தால் உள்ளே நார் தெரிய வேண்டும், மணம் மூக்கில் ஏற வேண்டும், வண்டு துளைத்த ஓட்டை இருக்கக்கூடாது. மிளகில் உலர்ந்த பப்பாளி விதை கலந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். திப்பிலி கேட்கும்போது கண்டந்திப்பிலியைக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டந்திப்பிலி என்பது வேர், நமக்கு வேண்டியது காய். பொடித்து வைத்திருப்பதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொடியானபின் எதையும் இனங்காண முடியாது.

பறித்தலும் உலர்த்தலும்

சாலையோரச் செடிகளையும், பூச்சிமருந்து தெளிக்கும் வயலை ஒட்டிய செடிகளையும் தவிர்த்துவிட்டு, பனி காய்ந்தபின் உச்சிவெயில் ஏறுவதற்குள் இலையைப் பறிக்க வேண்டும். கொழுந்தும் வேண்டாம், பழுத்ததும் வேண்டாம். முற்றிய பச்சை இலையே மருந்துக்கு உரியது. பறித்தவற்றைத் தூசு போகக் கழுவி, துண்டில் மூட்டையாகக் கட்டி உதறி, மேலே ஒட்டியிருக்கும் நீரைப் போக்கியபின், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வெள்ளைப் பருத்தித் துணியின் மேல் ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு பரப்புங்கள். செய்தித்தாளில் பரப்பினால் அச்சுமை ஈர இலையில் ஏறும். இலையை வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். சுக்கு போன்ற கிழங்குச் சரக்குகளை மட்டும் வெயிலில் காயவைக்கலாம். நாளுக்கு இருமுறை புரட்டிவிட்டால் ஐந்து முதல் ஏழு நாட்களில் இலை உலர்ந்துவிடும்.

உலர்ந்துவிட்டதா என்பதை இலையை வைத்து முடிவுசெய்யாதீர்கள். நடுநரம்பை வைத்தும் காம்பை வைத்தும் முடிவுசெய்யுங்கள். இலை நொறுங்கும்போதும் காம்பு வளைந்துகொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காம்பு டக்கென ஒடிய வேண்டும். அதன்பிறகும் ஒரு சோதனை உண்டு. ஒரு பிடி இலையை உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக மூடி, ஓர் இரவும் பகலும் வைத்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, மொறுமொறுப்பாக இருந்த இலை மறுபடி துவண்டிருந்தாலோ, எல்லாவற்றையும் இன்னும் இரண்டு நாள் பரப்ப வேண்டும். ஒரு கிலோ பச்சை இலை உலர்ந்தபின் கால் கிலோ அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிவிடும் என்பதைக் கணக்கில் வைத்துப் பறியுங்கள். நொச்சியை உலர்த்த வேண்டியதில்லை. தைலம் காய்ச்சும் அன்று பச்சையாகவே பறித்துக்கொள்ளலாம்.

குடிநீர்

செய்வதற்கு மிக எளியது இது. கொரகொரப்பாக இடித்த உலர்ந்த சரக்கு 10 கிராமுக்கு 240 மில்லி நீர் வைத்து, சிறுதீயில் 60 மில்லியாக, அதாவது நாலில் ஒன்றாக வற்றவைத்து வடிகட்ட வேண்டும். மண்சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ ஏற்றது. துவர்ப்புள்ள சரக்குகள் இரும்பில் கறுத்துப்போகும், அலுமினியமும் வேண்டாம். துளசி, கற்பூரவள்ளி போன்ற மணமுள்ள இலைகளை இப்படி வற்றக் காய்ச்சினால் மருந்தின் பாதி ஆவியோடு போய்விடும் என்பதால், அவற்றின்மேல் கொதிநீரை ஊற்றி, தட்டால் மூடி, பத்து நிமிடம் ஊறவைத்து வடிப்பதே சரி. எப்படிச் செய்தாலும் உடனே குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை ஃபிளாஸ்கில் ஊற்றி இரவுவரை குடிக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அது வேண்டாம்.

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகளும் கபசுரக் குடிநீர் பதினைந்து சரக்குகளும் சேர்ந்தவை. இவற்றைச் சரக்கு சரக்காகத் தேடி வீட்டில் கூட்ட முயல்வதைவிட, தமிழ்நாடு அரசின் டாம்கால், சென்னை திருவான்மியூரிலுள்ள இம்காப்ஸ் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் பொடியை வாங்கிக்கொள்வது பாதுகாப்பானது.

திரிகடுகு சூரணம்

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சம எடை சேர்ந்தது திரிகடுகு. தலா 50 கிராம் எடுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு பருவம் முழுவதும் தாராளமாகப் போதும். 3 மாதத்துக்கு மேல் தாங்காத மருந்தைக் கிலோ கணக்கில் செய்வதில் பொருளில்லை.

முதற்படி சுத்திசெய்தல். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது மருத்துவர்கள் வாயில் அடிக்கடி வரும் வாக்கு. சுக்கின் தோலைச் சீவியாக வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்கியாக வேண்டும் என்பது இதன் நடைமுறை. சுக்கைச் சுண்ணாம்புத் தெளிநீரில் 3 மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, மேல்தோலைச் சீவி எடுங்கள். மிளகைப் புளித்த மோரில் அதே 3 மணி நேரம் ஊறவைத்து, கழுவி உலர்த்துங்கள். திப்பிலிக்குக் கொடிவேலி இலைச்சாற்றை நூல்கள் சொல்கின்றன. ஆனால் கொடிவேலி தோலில் பட்டாலே கொப்புளம் எழுப்பக்கூடியது என்பதால், அது மருத்துவர் கையில் இருக்கட்டும். வீட்டளவில் திப்பிலியை இளவறுப்பாக வறுத்துக்கொண்டால் போதும்.

ஊறவைத்த சரக்குகள் மறுபடி முழுமையாகக் காய்வதற்கு இரண்டு மூன்று வெயில் வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான் சூரணம் கட்டிபிடிக்கிறது. காய்ந்தபின் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, வாணலி லேசாகச் சூடேறும் அளவுக்கு மட்டும் வறுத்து, ஆறவைத்து, தனித்தனியாகவே இடியுங்கள். சுக்கின் நாரும் மிளகின் தோலும் வெவ்வேறு வேகத்தில் பொடியாவதால், மூன்றையும் ஒன்றாகப் போட்டு இடித்தால் சல்லடையில் தங்கும் கழிவின் கலவை மாறி, சம எடை என்ற அடிப்படையே குலைந்துபோகும். மிக்சியைப் பயன்படுத்துவோர் சில விநாடிகள் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் ஜாடி சூடாகி மணம் பறந்துவிடும். பின்னர் பாத்திரத்தின் வாயில் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி, பொடியை அதன்மேல் போட்டுத் தேய்த்துச் சலிக்க வேண்டும். வஸ்திரகாயம் என்ற இந்த முறையில் விழும் பொடி தேனில் குழைத்தால் தொண்டையில் உறுத்தாது. சலித்தபின்னர் மூன்றையும் நிறுத்து, சம எடையாகக் கலந்து, உலர்ந்த குப்பியில் அடையுங்கள்.

பெரியவர்களுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை, அதாவது ஏறத்தாழக் கால் தேக்கரண்டி, தேனில் குழைத்து உணவுக்குப் பின் இருவேளை என ஓரிரு நாள் கொடுக்கலாம். வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது ஆகாது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் உட்படச் சில மருந்துகள் குடலில் உறிஞ்சப்படும் அளவைக் கூட்டிவிடும். ஆகவே நாள்தோறும் மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொட வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

ஆடாதோடை மணப்பாகு

ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும் என்பார்கள். இந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளிமருந்து உருவாக்கப்பட்டது. இருமல் மருந்துகளில் இன்று பரவலாகக் காணும் அம்ப்ராக்சாலும் அதன் வழிவந்ததே. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவ்வளவு வேலைசெய்யும் இலை என்றால், அதை மருந்துக்குரிய அளவோடும் எச்சரிக்கையோடும்தான் கையாள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உலர்ந்த ஆடாதோடை இலை 100 கிராமை நொறுக்கி, 1.6 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் சிறுதீயில் 400 மில்லியாக வற்றக் காய்ச்சி, துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். வடித்ததை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துத் தெளிவை மட்டும் இறுத்தால் பாகு கலங்காது. அளவு 400 மில்லிக்கு மேல் இருந்தால் மறுபடி வற்றவையுங்கள். குறைந்திருந்தால் கொதித்த நீர் சேர்த்து நிரப்புங்கள். இதில் 800 கிராம் சர்க்கரை சேர வேண்டும். பனங்கற்கண்டு பயன்படுத்தினால் அதை முதலில் பொடித்து, கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டியாக வேண்டும்.

இனிப்பு அதிகமாகத் தோன்றுகிறதே என்று இந்த அளவைக் குறைப்பவர்கள் உண்டு. மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருக்கும்போதுதான் பாகு தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. மருந்தியல் நூல்கள் சாதாரணப் பாகுக்குச் சொல்லும் அளவும் ஏறத்தாழ 66.7 விழுக்காடே. இதற்குக் குறைந்தால் ஓரிரு வாரங்களில் புளிக்கும் அல்லது மேலே பூஞ்சை படரும். அதற்காக அளவுக்கு மேல் காய்ச்சினால் நீர் குறைந்து, குப்பியின் அடியில் கற்கண்டாக உறைந்துவிடும். சர்க்கரை முழுவதும் கரைந்து ஒரு கொதி வந்தபின், விரலிடையில் எடுத்துப் பிரித்தால் மெல்லிய கம்பியாக இழுபடும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும்.

குப்பியில் அடைக்கும்போது கவனம் வேண்டும். கண்ணாடிக் குப்பியைக் கொதிநீரில் போட்டெடுத்து, கவிழ்த்து, வெயிலில் ஒரு துளி ஈரமும் இல்லாமல் காயவையுங்கள். பாகைச் சூடாக ஊற்றி உடனே மூடினால், எழும் ஆவி மூடியின் உட்புறத்தில் நீராகப் படிந்து, சொட்டி, பாகின் மேற்பரப்பை மட்டும் நீர்க்கச் செய்யும். பூஞ்சை முதலில் அங்கேதான் பிடிக்கும். எனவே துணியால் மூடி முற்றிலும் ஆறவைத்த பின்னரே அடைத்து மூட வேண்டும். எடுக்கும் கரண்டியும் ஒவ்வொரு முறையும் உலர்ந்ததாக இருக்கட்டும்.

பெரியவர்கள் 5 முதல் 10 மில்லி வரை வெந்நீரில் கலந்து இருவேளை குடிக்கலாம். கருவுற்ற பெண்கள் இதைத் தொடவே கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. சர்க்கரை நோயாளிகளுக்கு மணப்பாகு பொருந்தாது. சிறுவர்களுக்குச் சித்த மருத்துவர் அளவு சொன்னால் மட்டும் கொடுங்கள்.

நொச்சித் தைலம்

இது உடல்வலிக்கும் மூட்டுவலிக்கும் மேலே தேய்ப்பதற்கு மட்டுமே. நல்லெண்ணெய் அரை லிட்டர், நொச்சி இலைச்சாறு அரை லிட்டர், கற்கத்துக்குச் சுக்கும் மிளகும் தலா 10 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். நொச்சியில் சாறு எளிதில் இறங்காது என்பதால் தாராளமாக ஒரு கிலோ இலை வேண்டும். அரைக்கும்போது நீரைத் தெளித்து அரைக்கலாமே தவிர ஊற்றக்கூடாது. சுக்கையும் மிளகையும் சிறிது சாறு விட்டு விழுதாக அரைத்தால் அதுவே கற்கம்.

பாத்திரம், மொத்த அளவைப்போல் மூன்று மடங்கு கொள்ளக்கூடியதாக, அடிகனத்ததாக இருக்க வேண்டும். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதே சாற்றையும் கற்கத்தையும் கலந்து அடுப்பேற்றுங்கள். காய்ந்த எண்ணெயில் சாற்றை ஊற்றினால் பொங்கித் தெறித்துப் பெரும் விபத்தாகும். சிறுதீயில் அடிபிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். நீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது. அதனால் முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். நீர் தீர்ந்த கணத்திலிருந்து சூடு மளமளவென ஏறும், சில நிமிடங்களில் கற்கம் கருகிவிடும். கொதியின் சத்தம் அடங்கத் தொடங்கினால் அடுப்பை விட்டு நகரவே கூடாது.

அப்போது கரண்டி முனையில் கற்கத்தை எடுத்து, ஆறவிட்டு, விரலால் உருட்டிப் பாருங்கள். முதலில் சேறுபோல் ஒட்டும். பிறகு மெழுகுபோல் திரியாக உருளும். அதன்பின் கடுகுபோல் திரளும். கடைசியில் மணல்போல் நறநறக்கும். வெளிப்பூச்சுக்கான இந்தத் தைலத்தை, கடுகுப் பதம் தாண்டி மணல் பதம் தொடும் நேரத்தில் இறக்கலாம். நீர் தீர்ந்ததை உறுதிசெய்ய, பஞ்சுத் திரியில் அந்தக் கற்கத்தைத் தடவி, அடுப்பிலிருந்து விலகி நின்று கொளுத்துங்கள்; சடசடவென வெடித்தால் இன்னும் நீர் இருக்கிறது, சத்தமின்றி எரிந்தால் பதம் சரி. இளஞ்சூடாக ஆறியதும் துணியில் வடித்து, ஒருநாள் தெளியவைத்து, நிறக்கண்ணாடிக் குப்பியில் அடையுங்கள்.

முதல்முறை பயன்படுத்துபவர் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, ஒருநாள் பொறுத்து, அரிப்போ சிவப்போ இல்லையென்று கண்டபின் தேய்க்கலாம். மணத்துக்காக இதில் கற்பூரம் சேர்ப்பவர்கள் உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டாம். சிறிதளவு கற்பூரம் வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும்.

எங்கே நிறுத்த வேண்டும்

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மணப்பாகைத் தள்ளிவைத்துவிட்டு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்யப்படும் காசநோய்ச் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறல், சளியில் இரத்தம், மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல் ஆகியவை எதுவும் கைம்மருந்துக்குரியவை அல்ல. மழைக்காலக் காய்ச்சலில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு தெரிந்தால் டெங்குவாக இருக்கலாம். குடிநீர் காய்ச்சிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சித்த முறையிலேயே ஆலோசனை வேண்டுவோருக்குப் பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ளன.

ஒவ்வொரு குப்பியின் மேலும் மருந்தின் பெயர், செய்த தேதி, முடியும் தேதி, உள்ளுக்கா வெளிக்கா என்பது ஆகிய நான்கையும் எழுதி ஒட்டுங்கள். தைலமும் மணப்பாகும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் நிற்கும் அலமாரியில் இந்த எழுத்துதான் காவல். நிறம், மணம், சுவை மாறியதை, தேதி முடியாவிட்டாலும் கொட்டிவிடுங்கள். நன்றாக வந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் பாராட்டி, விலைக்குக் கேட்கும் நிலையும் வரலாம். வீட்டுக்குச் செய்துகொள்வதற்குத் தடையில்லை. ஆனால் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, சித்த மருந்தை விற்பனைக்காகத் தயாரிக்க உரிமம் பெற்றாக வேண்டும்.